ஹாலே நகரம்: தமிழ் எழுத்து வார்த்து அனுப்பிய ஜெர்மன் ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஜெர்மனியின் பல்கலைக்கழக ஊர்கள் என்றால் ஹைடல்பெர்க், டூபிங்கன், கோட்டிங்கன் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஹாலே அந்த வரிசையில் கடைசியில்தான் வரும், பல பயணத் திட்டங்களில் வராமலே போய்விடும். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது முதலில் வர வேண்டிய ஊர். தரங்கம்பாடியில் 1713-இல் ஓடத் தொடங்கிய அச்சுக்கூடத்துக்குத் தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வார்த்துக் கப்பலேற்றியது இந்த ஊர்தான். அங்கிருந்து போன ஓலைச்சுவடிகள் இன்றும் இங்கே பத்திரமாக இருக்கின்றன. லைப்சிக் வரை வந்துவிட்டு, ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் உள்ள ஹாலேயைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் ஏராளம். அதைத் தவிர்க்கத்தான் இந்த வழிகாட்டி.

கிளம்பும் முன்

முதல் தவறு ரயில் சீட்டிலேயே நடக்கும். ஜெர்மனியில் ஹாலே என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. மேற்கே வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கும் ஹாலே, டென்னிஸ் போட்டிக்குப் பெயர் பெற்ற சிற்றூர். நமக்கு வேண்டியது ஸாலே ஆற்றங்கரை ஹாலே. முன்பதிவு செய்யும்போது 'ஹாலே (ஸாலே) ஹௌப்ட்பான்ஹோஃப்' என்று ஆற்றின் பெயரும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெயரை நாம் ஹாலே என்று எழுதிப் பழகிவிட்டோம். அங்கே வழி கேட்கும்போது 'ஹல்லெ' என்று குறிலாகச் சொன்னால்தான் சட்டென்று புரியும்.

பெர்லினிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். விமானத்தில் வருபவர்களுக்கு லைப்சிக்–ஹாலே நிலையம் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிறது, அங்கிருந்தே ரயில் உண்டு.

இரண்டாவது தவறு கிழமை. தமிழ்ச் சுவடிகள் இருக்கும் பிராங்கே அறநிலையத்தின் அருங்காட்சியகமும் இசையமைப்பாளர் ஹேண்டல் பிறந்த இல்லமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். மோரிட்ஸ்பூர்க் கலைக்கூடமோ புதன்கிழமை மூடும். எனவே இரண்டு நாள் ஒதுக்குபவர்களுக்கு வியாழன், வெள்ளிதான் பொருத்தம். ஆவணக் காப்பகத்தில் வேலை இருப்பவர்களுக்கும் வாரநாள்தான் உதவும். ஞாயிறு என்றால் கடைகளெல்லாம் மூடியிருக்கும், தண்ணீர் பாட்டில்கூட ரயில் நிலையக் கடையில்தான் கிடைக்கும்.

டிராமில் ஏறுவதற்கு முன் சீட்டில் முத்திரை குத்த வேண்டுமா என்று பாருங்கள். இயந்திரத்தில் எடுக்கும் சில சீட்டுகளில் நேரம் அச்சாகியே வரும், சிலவற்றை வண்டிக்குள் உள்ள சிறு பெட்டியில் செருகிக் குத்த வேண்டும். குத்தாத சீட்டு சீட்டே இல்லாததற்குச் சமம், அபராதம் 60 யூரோ. நகரத்தின் நடுப்பகுதியை நடந்தே பார்த்துவிடலாம். நிலையத்திலிருந்து லைப்சிகர் தெரு வழியாகச் சந்தைச் சதுக்கத்துக்குப் பதினைந்து, இருபது நிமிட நடை.

உப்பிலிருந்து தொடங்குங்கள்

ஊரைப் புரிந்துகொள்ள முதலில் நிற்க வேண்டிய இடம் ஹால்மார்க்ட் சதுக்கம். பெரிய சந்தைச் சதுக்கத்திலிருந்து படியிறங்கிப் போக வேண்டும், அந்தப் பள்ளத்துக்கு ஒரு காரணம் உண்டு. பூமிக்கடியிலிருந்து ஏறக்குறைய 20 விழுக்காடு உப்புச் செறிவுள்ள ஊற்றுநீர் இங்கேதான் வந்தது. நான்கு கிணறுகள் இருந்தன. நீரை இறைத்துத் தட்டையான பெரிய உலோகத் தட்டுகளில் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். கடல்நீரில் உப்பு மூன்றரை விழுக்காடுதான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த ஊற்றின் அருமை தெரியும். அதே அளவு உப்புக்கு எரிக்க வேண்டிய விறகு இங்கே மிகக் குறைவு. கி.பி. 806-இல் முதன்முதலாக ஏட்டில் இடம்பெறும் இந்த ஊர் பணக்கார ஊரானது அந்த விறகுக் கணக்கில்தான்.

உப்புக் காய்ச்சியவர்களுக்கு ஹாலோரன் என்று பெயர். அவர்களுடைய சகோதரத்துவச் சங்கம் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை தொடர்கிறது. விழாக் கோலத்தில் அவர்கள் மேலங்கியில் வெள்ளி உருண்டைப் பொத்தான்கள் வரிசையாகத் தொங்கும். ஊரின் பெயர்பெற்ற 'ஹாலோரன் உருண்டை' என்ற சாக்லேட் மிட்டாயின் வடிவம் அந்தப் பொத்தானிலிருந்து வந்தது. அதைச் செய்யும் ஆலை 1804-இல் தொடங்கியது, ஜெர்மனியில் இன்றும் இயங்கும் சாக்லேட் ஆலைகளில் மிகப் பழையது. உள்ளே பால்கூழும் கோகோக் கூழும் பாதிக்குப் பாதி இருக்கும். ஊருக்கு வாங்கிப்போவதாக இருந்தால் கோடையில் கடைசி நாள் வாங்குங்கள், பையில் உருகிவிடும்.

சந்தைச் சதுக்கம்

படியேறி மேலே வந்தால் ஐந்து கோபுரங்கள் ஒரே பார்வையில் தெரியும். நான்கு கோபுரங்கள் சந்தைத் தேவாலயத்துடையவை. ஐந்தாவது, தனியாக நிற்கும் 84 மீட்டர் உயரச் சிவப்புக் கோபுரம், 1418-இல் தொடங்கி 1506-இல் முடிந்தது. அதில் 76 மணிகள் கொண்ட இசைமணித் தொகுதி இருக்கிறது.

ஒரு தேவாலயத்துக்கு எதற்கு நான்கு கோபுரம்? இந்த இடத்தில் முன்பு இரண்டு தேவாலயங்கள் அருகருகே நின்றன. 1529-இல் இரண்டின் நடுக் கூடங்களையும் இடித்து, கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவில் புதிய கூடத்தை எழுப்பினார்கள். அதனால்தான் கிழக்கு ஜோடியும் மேற்கு ஜோடியும் ஒன்றுக்கொன்று சாயலில்லாமல் இருக்கின்றன. கிழக்கு ஜோடியை மேலே ஒரு சிறு பாலம் இணைக்கிறது. வழிகாட்டியுடன் மட்டுமே மேலே போகலாம், இடம் குறைவு, சுற்றுலாத் தகவல் நிலையத்தில் முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

உள்ளே மூன்றைத் தேடுங்கள். கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தவாதி லூத்தரின் முகத்திலிருந்தும் கைகளிலிருந்தும் எடுத்த மெழுகு அச்சு: 1546-இல் ஐஸ்லேபனில் இறந்த அவரது உடலை விட்டன்பெர்க்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு இரவு இங்கே வைத்திருந்தார்கள். அடுத்தது, இசையமைப்பாளர் ஹேண்டல் 1685-இல் ஞானஸ்நானம் பெற்ற வெண்கலத் தொட்டி. மூன்றாவது, பலிபீடத்துக்கு மேலே இருக்கும் 1664-ஆம் ஆண்டுச் சிறிய ஆர்கன். சிறுவன் ஹேண்டல் பயின்றது அதில்தான். வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், ஆகவே ஞாயிறு காலை வேண்டாம். ஹேண்டல் பிறந்த வீடு சில நிமிட நடையில் இருக்கிறது. இசையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரம் தேவைப்படும், மற்றவர்கள் விட்டுவிட்டு அந்த நேரத்தை அடுத்த இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிராங்கே அறநிலையம்: அரை நாள் முழுவதும் இங்கே

சந்தையிலிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் பிராங்கே சதுக்கம். எதிரே உயர்ந்து நிற்கும் பழைய அநாதை இல்லத்தின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகளைப் பாருங்கள். வாசலுக்கு முன்னால் இருக்கும் மேம்பாலச் சாலை கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் கட்டியது. 1946-இல் அறநிலையத்தின் தன்னாட்சியைப் பறித்தார்கள். அதன்பின் பராமரிப்பின்றி, 1990 வாக்கில் கட்டடங்கள் இடிந்து விழும் நிலைக்கு வந்துவிட்டன. நாடு ஒன்றான பிறகு ஒவ்வொரு கட்டடமாக மீட்டெடுத்தார்கள். இன்று நீங்கள் பார்ப்பது அந்த உழைப்பையும் சேர்த்துத்தான்.

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே இங்கே போதகர், பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1695-இல் காணிக்கைப் பெட்டியில் விழுந்த சிறு தொகையை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698-இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவர் 1727-இல் இறக்கும்போது அச்சகம், புத்தகக் கடை, மருந்துக்கூடம், பல பள்ளிகள், பேக்கரி, மதுவடிப்பகம் என்று ஒரு தனி ஊரே எழுந்திருந்தது. மருந்து விற்ற வருமானம்தான் பெருமளவு செலவைத் தாங்கியது. முற்றத்தின் ஒரு பக்கம் நூறு மீட்டருக்கு மேல் நீளும் ஆறடுக்கு மரச்சட்டக் கட்டடம் நிற்கும். அதன் ஓரமாக மெதுவாக நடந்து, சன்னல் வரிசைகளைப் பார்த்துக்கொண்டே உள்முற்றத்தின் கடைசிவரை போங்கள்.

பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அநாதை இல்லத்தின் மேல்மாடிக்கு, கூரைக்குக் கீழே இருக்கும் அதிசயப் பொருள் கூடத்துக்கு ஏறுங்கள். மரப்படிகள் நிறைய, ஏற முடியாதவர்கள் வாசலிலேயே மின்தூக்கி வசதியைக் கேளுங்கள். உள்ளே உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்கும். நடுவில் ஆளுயரத்தைத் தாண்டும் வானியல் மாதிரிகள். சுவரோரம் வண்ணம் தீட்டிய அலமாரிகள்: ஒவ்வொன்றின் நெற்றியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஓவியமாகவே வரைந்திருக்கிறார்கள், சிப்பி அலமாரிக்குச் சிப்பி, கனிம அலமாரிக்குக் கனிமம். 1736-இலிருந்து 1741-க்குள் கிரண்ட்லர் என்ற ஓவியர் செய்து முடித்த ஒழுங்கு அது, இன்றும் மாறவில்லை. பிள்ளைகள் உலகத்தைப் பொருளைக் கண்டு கற்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்த கூடம். ஏறக்குறைய 3,000 பொருள்கள் இருக்கின்றன.

தென்னிந்தியாவிலிருந்து வந்தவற்றைத் தேடிப் பிடியுங்கள். இங்கிருந்து தரங்கம்பாடிக்குப் போன கிறிஸ்தவ மிஷனரிகள் கப்பலில் அனுப்பிய ஓலையும் அன்றாடப் பொருள்களும் ஒரு ஜெர்மன் கூரையடியில் இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவருகின்றன. விளக்கச் சீட்டுகளில் 'தமிழ்' என்ற சொல்லைத் தேடினால் பலவற்றைத் தவறவிடுவீர்கள். 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் தமிழரை 'மலபாரியர்' என்றே எழுதினார்கள். போர்ச்சுகீசியரிடமிருந்து தொற்றிய வழக்கு அது, கேரளக் கரையைக் குறிப்பதாக எண்ணிவிடாதீர்கள். மொழியை 'மலபாரிஷ்' அல்லது 'தமுலிஷ்' என்றார்கள். தரங்கம்பாடி 'திராங்கேபார்'.

இறங்கியதும் அடுத்து திரைவரிசை நூலகம். 1728-இல் முடிந்த இந்தக் கட்டடம் நூலகத்துக்கென்றே எழுப்பியது. நாடக மேடையின் பக்கத் திரைகள்போல் புத்தக அலமாரிகள் இருபுறமும் வரிசை வரிசையாக முன்னே நீண்டு நிற்பதால் அந்தப் பெயர். வெளிச்சத்தைக் குறைத்து, குளிராகவே வைத்திருப்பார்கள். கோடையிலும் ஒரு மேலாடை கையில் இருக்கட்டும்.

இனி தமிழ்த் தொடர்பு. ஹாலேயில் படித்த மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் மன்னர் அனுப்ப, புளூட்சௌ என்ற தோழருடன் 1706 ஜூலை 9 அன்று, அப்போது டென்மார்க் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கினார். மணலில் விரலால் எழுதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். 1708-இலேயே தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புடன் ஒரு பட்டியல் எழுதி அனுப்பினார். தமிழ் அச்சு 1578-இல் கொல்லத்திலேயே தொடங்கிவிட்டது என்பது தெரிந்ததே. அந்த மரபு நின்றுபோயிருந்த காலத்தில் மீண்டும் தொடங்க எழுத்து வேண்டியிருந்தது. கையால் எழுதிய தமிழ் எழுத்து மாதிரிகளை ஹாலேக்கு அனுப்பினார்கள். தமிழே தெரியாத கைவினைஞர்கள் அதைப் பார்த்து வார்த்தார்கள். வந்து சேர்ந்த எழுத்துகளில் ஒரு குறை: அளவு மிகப் பெரிது. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். முழுப் புதிய ஏற்பாட்டை அந்த அளவில் அடித்தால் காகிதம் போதாது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் அச்சை முடித்தார்கள். பொறையாற்றில் காகித ஆலை வைத்ததும் இந்தத் தட்டுப்பாட்டால்தான். சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் போயிருந்தபோது, அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் இந்த அறநிலைய அச்சகத்தில் வெளிவந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி அனுப்பிய விரிவான நூலை ஹாலே அச்சிடவில்லை. மிஷனரிகளை அனுப்பியது அந்தச் சமயத்தை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது பிராங்கே தரப்பின் எண்ணம். கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. ஆனாலும் ஹாலே அதைக் கிழித்துப் போடவில்லை. வந்த கடிதங்கள், நாட்குறிப்புகள், சுவடிகள் எல்லாவற்றையும் எண்ணிட்டுக் காத்தது. 18-ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரையின் சாதி வழக்கு, பஞ்சம், மருத்துவம், பள்ளிக்கூடம் பற்றி இத்தனை நெருக்கமான பதிவுகள் கிடைக்கும் இடங்கள் மிகச் சில. தமிழ் அகராதி செய்த பப்ரீசியஸும் தஞ்சைக்கு வந்த சுவார்ட்ஸும் இங்கே இருந்து போனவர்களே.

சுவடிகளை நேரில் பார்க்க விரும்புவோர்

அருங்காட்சியகச் சீட்டு ஆவணக் காப்பகத்துக்குச் செல்லாது. அது தனி. முறை இதுதான்:

1. சில வாரங்களுக்கு முன்பே மின்னஞ்சலில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் போதும். என்ன தேடுகிறீர்கள், எதற்காக, எந்த நாள் என்று மூன்று வரி.

2. எழுதும் முன் அறநிலையத்தின் இணையத் தரவுத்தளத்தில் தேடி, வேண்டிய ஆவணத்தின் குறியீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பழைய சொற்களிலும், ஆட்பெயர்களிலும் தேடுங்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். ஒன்று கிடைக்காவிட்டால் ஒலியை மாற்றி மீண்டும் போடுங்கள்.

3. பல ஆவணங்களுக்கு எண்ணிமப் படிகள் இருக்கின்றன. படி இருந்தால் மூலத்தைக் கையில் தரத் தயங்குவார்கள், அது நியாயமே. ஓலை ஒவ்வொரு முறை புரளும்போதும் ஓரம் உதிர்கிறது.

4. கடவுச்சீட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். பழைய ஆவணங்கள் இருக்கும் அறையில் பேனாவுக்கு இடமில்லை.

பலரும் தடுமாறுவது கையெழுத்தில்தான். தமிழ் ஓலை புள்ளியில்லாமலும், ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு வேறுபாடில்லாமலும் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஜெர்மன் கடிதங்களோ 'குரென்ட்' என்ற பழைய கூட்டெழுத்தில் இருக்கும். இன்றைய ஜெர்மானியருக்கே வாசிக்க வராது. எழுத்து அட்டவணையை அச்சிட்டு, வீட்டிலேயே ஒரு வாரம் பழகிவிட்டுப் போனால் அங்கே கிடைக்கும் சில மணி நேரம் வீணாகாது.

பல்கலைக்கழகமும் அதன் மனிதர்களும்

1694-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், 1502-இல் பிறந்த விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தோடு 1817-இல் இணைந்தது. முதன்மைக் கட்டடத்தின் வாசலில் இரண்டு சிங்கங்கள் படுத்திருக்கும். மாணவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள், நீங்களும் உட்காரலாம். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, நினைப்பதற்கு நிறைய உண்டு. லத்தீன் மட்டுமே பாடமொழியாக இருந்த காலத்தில் தாய்மொழியில் பாடம் நடத்தத் துணிந்தவரும், சூனியக்காரி வழக்குகளை எதிர்த்து எழுதியவருமான தோமாசியஸ் இங்கே ஆசிரியர். சீனரின் ஒழுக்க நெறியைப் புகழ்ந்து உரையாற்றிய தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியான் வோல்ஃபை 1723-இல் அரசர் 48 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார், மீறினால் தூக்கு. அவரை விரட்டப் பாடுபட்டவர்களில் பிராங்கே தரப்பும் இருந்தது. 1740-இல் அடுத்த அரசர் அவரைத் திரும்ப அழைத்தார். இன்றைய கானாவிலிருந்து வந்த அன்டன் வில்ஹெல்ம் அமோ 1727-இல் இங்கே மாணவராகச் சேர்ந்து, பின்னர் பாடமும் நடத்தினார். ஜெர்மனியில் மருத்துவ முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் டொரோதேயா எர்க்ஸ்லேபன், 1754-இல் அதைப் பெற்றது இங்கே. முடிவிலிகளிலும் சிறியது பெரியது உண்டு என்று நிறுவிய கணித அறிஞர் கேன்டர் 1869-இல் வந்து, 1918-இல் இறக்கும்வரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் பழைய நகரக் கல்லறைத் தோட்டம். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பாணியில் கட்டியது. நாற்புறமும் 94 வளைவுகள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கல்லறை. பிராங்கேயும் தோமாசியஸும் இங்கேதான். மாலை வெயில் வளைவுகளுக்குள் விழும் நேரம் போங்கள்.

மோரிட்ஸ்பூர்க், லியோபோல்தினா

மோரிட்ஸ்பூர்க், பேராயர் 1484-இல் ஊரை அடக்கி வைக்கக் கட்டத் தொடங்கிய கோட்டை. 17-ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரில் எரிந்தது. அந்த இடிந்த பகுதியின் மேல் 2008-இல் உலோகக் கூரை போட்டு நவீன ஓவியங்களை வைத்திருக்கிறார்கள். ஹாலேயின் கோபுரங்களை ஃபைனிங்கர் 1929 முதல் 1931 வரை வரைந்த ஓவியங்களில் சில இங்கே உண்டு. காலையில் சதுக்கத்தில் பார்த்த கோபுரங்களை இங்கே முக்கோணங்களாக உடைந்து பார்க்கலாம்.

எதிரே குன்றின்மேல் வெள்ளைக் கட்டடம் லியோபோல்தினா. 1652-இல் நான்கு மருத்துவர்கள் தொடங்கி இடையறாது இயங்கும் அறிவியல் அகாதெமி. 1878 முதல் ஹாலேயில் இருக்கிறது, 2008 முதல் ஜெர்மனியின் தேசிய அறிவியல் அகாதெமி. பொது உரை இருக்கும் நாளில்தான் உள்ளே போக வாய்ப்பு. பக்கத்தில் தாவரவியல் தோட்டம், 1698-இல் தொடங்கியது, குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

நேப்ரா வான்தட்டு

இரண்டாம் நாள் காலையை ரைலெக் நிறுத்தத்துக்கு அருகே உள்ள தொல்வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வையுங்கள். இங்கேதான் நேப்ரா வான்தட்டு இருக்கிறது. 1999-இல் சட்டத்துக்குப் புறம்பாக மண்ணைத் தோண்டியவர்கள் எடுத்து விற்றார்கள். 2002-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் வாங்குபவர்போல் ஆளை அனுப்பி மீட்டார்கள். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் புதைத்த, 32 சென்டிமீட்டர் அகலமுள்ள வெண்கலத் தட்டு. பொன்தகட்டில் முழுவட்டம், பிறை, நட்சத்திரங்கள்.

இருட்டறைக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் நில்லுங்கள், கண் பழகட்டும். பிறகு வட்டத்துக்கும் பிறைக்கும் நடுவே நெருங்கி நிற்கும் ஏழு புள்ளிகளைப் பாருங்கள். நாம் ஆறு மீன்களாக எண்ணும் கார்த்திகைதான் அது என்பது ஆய்வாளர்கள் கருத்து. விளிம்பில் உள்ள பொன் வளைவு பின்னாளில் சேர்த்தது. அதற்கு இடம் விட ஒரு நட்சத்திரத்தை நகர்த்தியிருக்கிறார்கள், பெயர்த்த தடம் கூர்ந்து பார்த்தால் தெரியும். வளைவின் கோணம் 82 பாகை: தட்டு கிடைத்த நேப்ராவின் அட்சரேகையில் சூரியன் கோடைக்கும் குளிருக்கும் இடையே அடிவானத்தில் நகரும் அளவு அது. தட்டை எப்போதாவது வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்புவதுண்டு. மூலத் தட்டு ஊரில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத் தளத்தில் பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள்.

மிஞ்சும் மதியத்துக்கு கீபிஷென்ஸ்டைன் கோட்டை. மேலிருந்து ஸாலே ஆறு வளைவது தெரியும். கீழ்க்கோட்டையில் கலைக் கல்லூரி நடக்கிறது. ஆற்றுக்கு மேற்கே வைன்பெர்க் ஆய்வு வளாகமும், 1964-இல் இரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய ஹாலே-நொயிஷ்டாட் குடியிருப்பும் உண்டு. கட்டடக்கலையில் ஆர்வம் இருந்தால் மட்டும் டிராம் ஏறுங்கள்.

அரை நாள் மட்டுமே கையில் இருப்பவர்கள் நிலையத்திலிருந்து நேரே பிராங்கே சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். முதலில் மாடிக் கூடம், அடுத்து நூலகம். பிறகு சந்தைச் சதுக்கம் வழியாக நடந்து, உருண்டை மிட்டாய் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, மாலை ரயிலைப் பிடிக்கலாம். பெரும்பாலான கூடங்கள் மாலை 5 மணிக்கு மூடும் என்பதால் மதியம் 2 மணிக்குள் படியேறிவிட வேண்டும்.